மகிமையும் உரிமையும்: கிறிஸ்தவ வாழ்வில் சாதனை யாருக்குரியது என்னும் வினா பற்றிச் சில குறிப்புகள்

கிறிஸ்தவ சமய வாழ்வோடு ஓரளவேனும் பரிச்சயமுள்ள எவரும் ஒரு வாய்பாட்டினை அடிக்கடி கேட்டிருப்பர். பரீட்சையில் சித்தியெய்தியவர், நோயிலிருந்து மீண்டவர், நூலொன்றை எழுதி முடித்தவர், வணிகத்தில் செழித்தவர் ஆகிய யாவரும் தம் வெற்றியை எடுத்துரைத்த அடுத்த கணமே, அது தம்மால் ஆனதன்று, தேவனால் ஆனது என்பர். சபைக் கூட்டங்களிற் சொல்லப்படும் சாட்சிகளிலும், நூல்களின் முன்னுரைகளிலும், கட்டடங்களின் நினைவுக் கற்களிலும் இவ்வாய்பாடு வந்துகொண்டேயிருக்கிறது. விசுவாசிகள் இதனைத் தாழ்மையின் அடையாளமாகக் கொள்வர். போலித் தாழ்மை என எள்ளுவோரும் உளர். வெறும் அறியாமை என ஒதுக்கிவிடும் முற்போக்காளர் நம்மிடையே நிறைய உளர். இம்மூன்று முடிபுகளுக்கும் பொதுவான குறைபாடொன்று உண்டு. கூற்றினை நோக்குமளவுக்கு அவை கூறுபவரை நோக்குவதில்லை. யார், எந்தச் சமூக நிலையில் நின்று, எவர் முன்னிலையில், எதனைப் பெறுவதற்காக அல்லது எதனை மறைப்பதற்காக இதனைக் கூறுகிறார் என்ற வினாக்களை எழுப்பும்போதே இவ்வாய்பாட்டின் சமூக வரலாறு புலப்படத் தொடங்குகிறது. அவ்வரலாற்றின் சில கட்டங்களை இங்கு நோக்குவோம்.

கோட்பாட்டு நிலையில் இது மிகப் பழைய விவகாரம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்திலே, ஏனைய அப்போஸ்தலர் எல்லாரினும் தாம் அதிகம் பாடுபட்டதாகக் கூறிவிட்டு, உடனேயே பாடுபட்டது தாமல்ல, தம்மோடிருந்த கிருபையே என்று திருத்திக்கொள்கிறார். உரிமை கோருதலும் அதனைத் துறத்தலும் ஒரே வாக்கியத்தில் அமைந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது. பின்வந்த நூற்றாண்டுகளின் சாட்சிகள் பலவற்றுக்கு இவ்வாக்கிய அமைப்பே முன்மாதிரி எனலாம். ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியஸ் மனித முயற்சிக்கு இடமளித்து வாதாடியபோது, அகுஸ்தீனார் அதனை முற்றாக மறுத்தார். மனிதரின் நற்செயல்களுக்குக் கடவுள் முடிசூட்டும்போது தம்முடைய கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்பது அவர் கொள்கை. 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரிற் கூடிய சங்கம் பெலாகியக் கொள்கையைக் கண்டித்தது. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்த இயக்கத்தின்போது இவ்விவாதம் மீண்டும் மூண்டெழுந்ததையும் லூதரும் கல்வினும் அகுஸ்தீனாரையே சான்றாகக் கொண்டதையும் சமய வரலாறு கற்றோர் அறிவர். இறையியலாரின் நுண்ணிய வேறுபாடுகளை விரித்துரைத்தல் எமது நோக்கமன்று. அக்கொள்கை வயலிலும் மாட்டுக்கொட்டிலிலும் சுரங்கத்திலும் என்ன தொழிலைச் செய்தது என்பதே எமது வினா.

மாட்டுக்கொட்டிலிலிருந்தே தொடங்குவோம். ஆங்கிலக் கவிதை வரலாற்றிற் பெயரறியப்பட்ட முதற் கவிஞர் கேட்மன் என்பவர். 731ஆம் ஆண்டளவில் எழுதி முடிக்கப்பெற்ற பீடு என்னும் துறவியின் திருச்சபை வரலாற்று நூலே அவரைப் பற்றிய செய்திக்கு ஆதாரம். ஏழாம் நூற்றாண்டில், ஹில்டா என்னும் தலைவியின் ஆட்சிக்குட்பட்ட விற்பி மடத்தின் மாடுகளைப் பராமரித்தவர் கேட்மன், எழுத்தறியாதவர், வயது முதிர்ந்தவர். விருந்துகளில் யாழ் கைமாறிவரும்போது ஒவ்வொருவரும் பாடுதல் வழக்கம். யாழ் தம்மை அணுகுவதைக் கண்டதும் எழுந்து வெளியேறிவிடுவது இவர் வழக்கம். அவ்வாறு வெளியேறிக் கொட்டிலிற் படுத்திருந்த ஓர் இரவிலே, கனவிற் தோன்றிய ஒருவர் படைப்பினைப் பற்றிப் பாடும்படி பணித்தாராம், இவரும் பாடினாராம். விடிந்ததும் இவர் தம் மேலாளனிடம் செல்கிறார். மேலாளன் மடத்துத் தலைவியிடம் அழைத்துச் செல்கிறான். கற்றோர் கூடிய அவையிலே இவர் பரிசோதிக்கப்படுகிறார். பாட்டு இறைவன் அளித்த கொடையே என்று தீர்ப்பாகிறது. அதன்பின் இவர் மடத்திற் துறவியாகச் சேர்க்கப்பட, கற்றோர் விவிலியக் கதைகளைச் சொல்லிக்கொடுக்க, இவர் அவற்றைப் பாட்டாக்குகிறார். இன்று எஞ்சியிருப்பவை ஒன்பது அடிகளே.

பீடு இதனை அற்புதமாகவே எழுதுகிறார். ஆயின் அவர் தந்துள்ள விவரங்களை ஒழுங்குபடுத்தி நோக்கின், அற்புதத்துக்கு அடியிற் கிடக்கும் அதிகார அமைப்புத் தெளிவாகிறது. கொட்டிலிலிருந்து அவை வரையுள்ள ஒவ்வொரு படியிலும் ஒருவர் அனுமதி வழங்கவேண்டியிருக்கிறது. மாடு மேய்ப்பவன் ஒருவன் தானே பாட்டுக் கட்டினேன் என்று கூறியிருப்பின் அக்கூற்றினை ஏற்கும் அவை எதுவும் அன்று இருக்கவில்லை. கடவுள் தந்தார் என்றபோது அவை கூடிற்று. எனவே கேட்மனைப் பொறுத்தவரையில் இவ்வாய்பாடு ஒரு கடவுச்சீட்டு. சமூகம் மறுத்த உரிமையைச் சமூகத்துக்கு மேலான ஒன்றின் பெயரால் அவர் பெற்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஜேர்மனியில் பிங்கென் நகர் ஹில்டகார்ட் என்னும் துறவிப்பெண் தம்மைக் கல்லாத பேதை என்றும் தம் எழுத்தெல்லாம் மேலிருந்து வந்த குரல் என்றும் கூறியமையும் இத்தகையதே. பெண் போதிக்கலாகாது என்ற திருச்சபையில் அவர் இறையியலும் மருத்துவமும் எழுதினார், இசையமைத்தார், மதகுருமாருக்கு மடல் வரைந்து கண்டித்தார். பேதை என்ற சொல் அவர் உடுத்திருந்த கவசம். நமது பக்தி இயக்கத்திலே தாழ்த்தப்பட்ட குலத்து அடியார்கள் கோயிலுட் புகுவதற்குத் தெய்வமே நேரிற் கட்டளையிடவேண்டியிருந்த கதைகளை நினைவிற் கொண்ட வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

கடவுச்சீட்டு ஒருபுறமிருக்க, அதே வாய்பாடு சொத்துரிமையோடு எவ்வாறு உறவுகொண்டது என்பதை இசைத்துறையிற் காணலாம். ஹைடன் என்னும் ஒஸ்திரிய இசைமேதை தம் இசைப்பிரதிகளின் தொடக்கத்தில் ஆண்டவரின் பெயரால் என்றும், முடிவில் இறைவனுக்குப் புகழ் என்றும் இலத்தீனில் எழுதுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். 1808ஆம் ஆண்டு மார்ச் மாதம் வியன்னாவில் அவரது 'படைப்பு' என்னும் பெருங்கீதம் இசைக்கப்பட்டபோது, ஒளி பிறக்கும் இடத்திலே சபையோர் ஆரவாரிக்க, முதுமையினால் தளர்ந்திருந்த அவர் வானத்தை நோக்கிக் கையை உயர்த்தி, அங்கிருந்தே இது வந்தது என்றாராம். உள்ளத்தைத் தொடும் காட்சி; அதனை ஐயுறவேண்டியதில்லை. எனினும் இன்னோர் ஆவணமும் உண்டு. 1761ஆம் ஆண்டு எஸ்தர்ஹாசி பிரபு குடும்பத்துடன் ஹைடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அவர் அரண்மனைப் பணியாளரின் சீருடை அணியவேண்டும். பிரபு கேட்கும் இசையை ஆக்கவேண்டும். ஆக்கிய எதனையும் பிறருக்குப் பிரதிசெய்து கொடுத்தலாகாது. பிரதியின் இறுதியிற் புகழ் கடவுளுக்குரியது. ஒப்பந்தத்தின்படி பிரதி பிரபுவுக்குரியது. ஆக்கியோனுக்கு உரியது எது என்பதை இரு ஆவணங்களும் கூறவில்லை. 1779ஆம் ஆண்டின் புதிய ஒப்பந்தத்திலே இத்தடை நீங்கிய பின்னரே அவர் தம் ஆக்கங்களைத் தாமே வெளியீட்டாளருக்கு விற்கலானார். அப்போதும் இறைவனுக்குப் புகழ் என்று எழுதுவதை அவர் விட்டுவிடவில்லை.

அவருக்கு முற்பட்ட பாக் தமது தேவாலய இசைப்பிரதிகளின் முடிவில், கடவுளுக்கு மட்டுமே மகிமை என்பதன் இலத்தீன் முதலெழுத்துகள் மூன்றினைப் பொறித்தவர். அவரே 1730ஆம் ஆண்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், லைப்சிக் நகரிற் காற்று நன்றாக இருந்தமையால் மரணங்கள் குறைந்து, இறுதிச்சடங்குகளால் வரும் தமது வருமானமும் குறைந்துவிட்டதென முறையிடுகிறார். இதனைக் கபடம் என்று கொள்வது பேதைமை. மகிமை வேறு, கூலி வேறு என்பதை உழைத்து வாழ்ந்த அக்கலைஞர் நன்கறிந்திருந்தார். இவ்வேறுபாட்டுக்கு நாம் மீண்டும் வருவோம்.

முதலாளித்துவம் வளர்ந்தபோது வாய்பாட்டின் தொழில் மாறிற்று. மக்ஸ் வெபர் 1904-05ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்விலே, கல்வினியரிடையே உலகத் தொழிலில் ஈட்டும் வெற்றி, தெரிந்தெடுக்கப்பட்டவர் என்பதன் அறிகுறியாகக் கருதப்படலாயிற்று என விளக்கினார். அவர் காரணத்தையும் காரியத்தையும் நிறுத்திய முறை பற்றி மார்க்சியருக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது. இங்கு வேண்டப்படுவது ஒன்றே. வெற்றியைக் கடவுள் தந்தார் என்பது வென்றவரின் நன்றியுரையாக இருந்த நிலை மாறி, வென்றவர் வெல்லத்தக்கவரே என்பதற்குரிய சான்றிதழாகியது.

இச்சான்றிதழின் மிகத் தெளிவான வடிவத்தை அமெரிக்காவிற் காண்கிறோம். எண்ணெய்ப் பேரரசர் யோன் றொக்பெல்லர் பக்தி மிகுந்த பப்ரிஸ்த சபையினர்; இளமை முதலே தம் வருவாயிற் பத்திலொன்றைச் சபைக்கு அளித்துவந்தவர். தமது பணம் கடவுள் தந்தது என்றும், பணம் ஈட்டும் ஆற்றலே ஓர் இறைகொடை என்றும் அவர் 1905ஆம் ஆண்டளவிற் கூறினார். அதற்குச் சற்று முன், 1904இல், ஐடா ரார்பெல் என்னும் பெண் பத்திரிகையாளர் அவரது நிறுவனத்தின் வரலாற்றை ஆவணச் சான்றுகளுடன் நூலாக வெளியிட்டிருந்தார். புகையிரதக் கம்பனிகளோடு செய்யப்பட்ட இரகசியக் கட்டணச் சலுகைகள், நெருக்கி வாங்கப்பட்ட சிறு நிறுவனங்கள் ஆகியவற்றை அந்நூல் ஒன்றொன்றாக எடுத்துக்காட்டிற்று. பணம் எங்கிருந்து வந்தது என்ற ஒரே வினாவுக்கு இவ்வாறு ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு விடைகள் கிடைத்தன. 1911ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைப் பிரிக்குமாறு தீர்ப்பளித்தபோது இரண்டாவது விடையையே கருத்திற் கொண்டது.

இதனினும் வெளிப்படையானது ஜோர்ஜ் பேயரின் கடிதம். 1902ஆம் ஆண்டு பென்சில்வேனிய நிலக்கரிச் சுரங்கங்களில் 1,40,000க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தனர். சுரங்கங்களைத் தன் பிடியில் வைத்திருந்த புகையிரதக் கம்பனியொன்றின் தலைவரான பேயர், கிறிஸ்தவர் என்ற முறையில் விட்டுக்கொடுக்குமாறு வேண்டி எழுதிய ஒருவருக்குப் பதில் வரைந்தார். தொழிலாளரின் நலனைக் காப்பவர்கள் கிளர்ச்சிக்காரர் அல்லர். கடவுள் தமது எல்லையற்ற ஞானத்தினால் நாட்டின் சொத்துகளை எவரிடம் ஒப்படைத்துள்ளாரோ அந்தக் கிறிஸ்தவக் கனவான்களே காப்பர் என்பது அதன் சாரம். கடிதம் பத்திரிகைகளில் வெளியானபோது நாடெங்கும் நகைப்பும் சினமும் எழுந்தன. கிறிஸ்தவப் போதகர்களே இதனைத் தெய்வ நிந்தனை என்று கண்டித்தனர். அவர்கள் கண்டித்தமை குறிப்பிடத்தக்கது. தம் சொந்த வாய்பாடு உடைமை வர்க்கத்தின் வாயிற் படும் பாட்டினை விசுவாசிகளுட் பலர் எம்மைப் போன்றோருக்கு முன்னரே இனங்கண்டிருந்தனர். வேலைநிறுத்தத்தின் முடிவில் ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டு, 1903இல் நூற்றுக்குப் பத்து வீத ஊதிய உயர்வும் வேலை நேரக் குறைப்பும் வழங்கப்பட்டன. பதினொரு ஆண்டுகளின் பின், 1914ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆந் திகதி, றொக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த கொலராடோச் சுரங்கக் கம்பனியின் வேலைநிறுத்தக்காரர் தங்கியிருந்த லட்லோக் கூடாரங்கள் தாக்கி எரியூட்டப்பட்டன. கூடாரமொன்றின் அடியிற் தோண்டப்பட்டிருந்த குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர். கடவுள் தந்தது எனப்பட்ட பணத்தை வெட்டியெடுத்தவர்களின் மனைவியரும் மக்களும் அவர்கள்.

இவ்விடத்தில் மார்க்சிய நோக்கினைச் சுருக்கமாகக் கூறுதல் தகும். போயர்பாக் 1841ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனிதன் தன் இனத்தின் சிறந்த ஆற்றல்களைத் தன்னினின்றும் பிரித்துக் கடவுள்மீது ஏற்றிவிட்டு, தானே வறியவனாகிறான் என்றார். இளம் மார்க்ஸ் 1844இல் எழுதிய கையெழுத்துப் பிரதிகளில் இவ்வொப்புமையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்றார். கடவுளிடம் கொடுப்பது பெருகப் பெருக மனிதனிடம் எஞ்சுவது குறைவதைப் போன்றே, தொழிலாளி ஆக்கும் பொருளுலகு பெருகப் பெருக அவன் அகமும் புறமும் வறுமையடைகின்றன. நம்மவரிற் பலர் இவ்வளவோடு நின்றுவிடுகின்றனர். நிற்கும்போது இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, மதத்தைத் துன்பத்தின் வெளிப்பாடு என்று கூறிய மார்க்ஸ் அதே மூச்சில் அதனைத் துன்பத்துக்கு எதிரான கண்டனம் என்றும் கூறியதை மறந்துவிடுகின்றனர். மற்றது இன்னும் நுட்பமானது. கடவுளுக்குப் புகழ் கொடுக்கும் தனிமனிதன் இழப்பது தன் புகழை மட்டும் எனக் கருதிவிடுகின்றனர். நடைமுறையில் பெரும்பாலும் இழப்பவர் பிறர். சாட்சி என்னும் இலக்கிய வடிவத்தில் இரு பாத்திரங்களே உளர்: நான், தேவன். இவ்விருவருக்கும் இடையில் நின்று சுமந்தவர், கற்பித்தவர், சமைத்தவர், வெட்டியவர் ஆகிய அனைவரும் மேடையிலிருந்து அகற்றப்படுகின்றனர். பேயருக்கு இது வசதி. ஆனால் பேயர் அல்லாதவர்களும் அறியாமலே இவ்வடிவத்தைக் கையாள்கின்றனர் என்பதே சிக்கல்.

இச்சிக்கலை மிகக் கூர்மையாக உணர்ந்தவர் பிரெடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைசிறந்த நாவலராக விளங்கியவர் அவர். 1845ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்றிலே, சிறுவனாகத் தாம் பண்ணையிலிருந்து பால்ரிமோர் நகருக்கு அனுப்பப்பட்டதைத் தெய்வ அருளின் தனித் தலையீடு என்றே எழுதியிருந்தார். பிறர் இதனைத் தற்பெருமை என்பர் என்பதையும் அவரே குறிப்பிட்டார். இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 1870ஆம் ஆண்டு, கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வழங்கிய பதினைந்தாவது திருத்தம் நிறைவேறியபோது, அடிமை ஒழிப்புச் சங்கத்தார் வெற்றிவிழாக் கூட்டங்கள் நடத்தினர். பேசியவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கடவுளுக்கு நன்றி கூறினர். டக்ளஸ் அவ்வாறு கூற மறுத்தார். தேய்ந்துபோன அப்பேச்சில் தாம் கலந்துகொள்ளப் போவதில்லை என்றும், தம் வாழ்நாளை இப்போராட்டத்துக்கு ஈந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் நன்றி கூறுவதன் மூலமே தாம் கடவுளுக்கு நன்றி கூறுவதாகவும், அவர்களிலன்றி வேறெங்கும் தாம் கடவுளைக் காணவில்லை என்றும் பொருள்படப் பேசினார்.

எதிர்ப்பு, எதிர்பார்க்கக்கூடியதே. பிலடெல்பியாவிலே கறுப்பினப் போதகர் சிலர் கூடி, விடுதலைக்காகக் கடவுளுக்கு நன்றி கூறாத எவரையும் தம் மக்களின் தலைவராக ஏற்கமாட்டோம் எனத் தீர்மானம் நிறைவேற்றினர். இவ்விவகாரத்தை விசுவாசம், நாத்திகம் என்ற இரண்டனுள் அடக்கிவிடுதல் தவறு. டக்ளசின் தர்க்கம் வேறு. அடிமை முறை நிலவிய நூற்றாண்டுகளில் அதனை ஆதரித்த சபைகளும் அதே கடவுளுக்கே நன்றி கூறின. அடிமைகளை உடைமையாகத் தந்தவர் அவரே என்றன. இரு சாராரும் ஒரே வாய்பாட்டைப் பயன்படுத்தும்போது, போராடியவருக்கும் போராடாதவருக்கும், ஏன், எதிர்த்து நின்றவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு அழிந்துவிடுகிறது. விடுதலை வானிலிருந்து வந்ததாயின் அதற்கு எவரும் பொறுப்பில்லை; வராதிருந்த காலத்துக்கும் எவரும் பொறுப்பில்லை. மறுபுறத்தில், அப்போதகர்களைப் பிற்போக்காளர் என்று தள்ளிவிடவும் இயலாது. வெள்ளையரின் கருணையால் விடுதலை வந்தது என்ற கூற்றுக்கு எதிராக, எங்களைக் கடவுளே விடுவித்தார் என்பது தன்மானமுள்ள விடையாகவும் இருந்தது. தமக்கென ஆலயங்களைக் கட்டி, அவ்வாலயங்களிலே தப்பிவந்தோரை மறைத்தவர்கள் அவர்கள்.

இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் அப்பாற் செல்லும் ஓர் உதாரணம் ஹரியற் ரப்மன். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த இப்பெண்மணி, சிறுமியாயிருந்தபோது மேற்பார்வையாளனொருவன் வீசிய எடைக்கல் தலையிற் பட்டதனால் வாழ்நாள் முழுவதும் மயக்கங்களுக்கும் காட்சிகளுக்கும் உள்ளானவர். 1849இல் தப்பிச்சென்ற அவர், மீண்டும் மீண்டும் திரும்பி வந்து தம் உறவினரையும் பிறரையும் மீட்டுச் சென்றார். பத்தொன்பது பயணங்களில் 300 பேரை மீட்டார் என்று சாரா பிராட்போர்ட் எழுதிய வரலாறு கூறியதைப் பிற்கால ஆய்வாளர் திருத்தியுள்ளனர். ஏறத்தாழ 13 பயணங்கள், 70 பேர் என்பதே இன்று ஏற்கப்படும் கணக்கு. கணக்குக் குறைந்தமையால் வீரம் குறையவில்லை. ஒருமுறையேனும் பிடிபடாத இச்சாதனையைப் பற்றி வியந்தோரிடம் அவர் கூறிய விடை எப்போதும் ஒன்றே: செய்தது நானல்ல, ஆண்டவரே.

எழுத்தறியாத, அடிமையாயிருந்த ஒரு கறுப்பினப் பெண் இதனைக் கூறும்போது கேட்மனின் கடவுச்சீட்டினை நாம் மீண்டும் காண்கிறோம். ஆயின் இங்கு அது அவை ஏறுவதற்கன்று, இரவில் நடப்பதற்கு. தன்னை வழிநடத்துபவர் எசமானனின் சட்டத்துக்கு மேலானவர் என்ற உறுதி, அச்சட்டத்தை மீறும் துணிவாகிறது. அதேவேளை, அவரது பயணங்கள் கடவுளும் ஒரு பெண்ணும் மட்டும் பங்குகொண்டவையல்ல. வில்மிங்டனில் தோமஸ் கரற் என்னும் குவேக்கர் சப்பாத்துகளும் பணமும் கொடுத்தார். பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்ரில் தப்பிவந்தோரை வரவேற்றார். ஸ்ரில் இன்னொன்றும் செய்தார். வந்த ஒவ்வொருவரின் பெயர், ஊர், விட்டுவந்த உறவினர் ஆகிய விவரங்களைக் கேட்டு எழுதி மறைத்து வைத்தார். 1872இல் அவற்றை நூலாக்கினார். சாட்சி என்ற வடிவம் அகற்றிவிடும் பாத்திரங்கள் அனைவரும் அந்நூலிற் பெயரோடு உலவுகின்றனர். இலக்கிய மாணவர் சாட்சியையும் ஸ்ரிலின் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் படித்தல் பயனுடையது.

உள்நாட்டுப் போரில் ரப்மன் தாதியாகவும் சமையற்காரியாகவும் ஒற்றராகவும் பணியாற்றினார். 1863ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி கொம்பாகி ஆற்றிலே அவர் வழிகாட்டிச் சென்ற படை 700க்கு மேற்பட்ட அடிமைகளை விடுவித்தது. போர் முடிந்தபின் அரசு அவருக்கு ஓய்வூதியம் வழங்கவில்லை. 1895இலே கிடைத்த மாதம் 8 டொலரும் போர்வீரனொருவனின் விதவை என்ற வகையிற் கிடைத்ததே. அக்காலத்தில் அவர் சார்பில் வரையப்பட்டு, அவர் கைச்சாத்துக்குப் பதிலாகக் குறியிட்ட சத்தியக்கூற்று எஞ்சியுள்ளது. மூன்று ஆண்டுகள் மருத்துவமனைகளிற் தாதியாகவும் சமையற்காரியாகவும், எட்டு அல்லது ஒன்பது ஒற்றர்களின் தலைவியாகவும் தாம் ஆற்றிய பணிக்காக 1800 டொலர் தமக்கு வரவேண்டுமென அதில் அவர் கோருகிறார். ஆண்டவரே செய்தார் என்ற சொல் அங்கு இல்லை. செய்தது நான், அதற்குரிய கூலி இவ்வளவு என்பதே அங்குள்ளது. 1899இல் தாதிப் பணியைக் காரணங்காட்டி ஓய்வூதியம் 20 டொலராக உயர்த்தப்பட்டது. ஒற்றர் தலைவி என்ற பணியை அரசு கணக்கிற் கொள்ளவேயில்லை.

ஆலயத்தில் ஒன்று, அரசிடம் இன்னொன்று என இதனை முரண்பாடாகக் கொள்வோர் வாய்பாட்டின் இலக்கணத்தை உணராதவர். மகிமை வேறு, கூலி வேறு என்று பாக் அறிந்திருந்ததை ரப்மன் இன்னும் உயர்ந்த அரசியல் தளத்தில் அறிந்திருந்தார். கடவுளுக்கு அளித்த புகழை, தனக்குத் தரவேண்டியதைத் தராதிருப்பதற்கு அரசு சாட்டாக்கிக்கொள்ள அவர் இடமளிக்கவில்லை. பேயருடைய கடிதம் இதன் தலைகீழ் வடிவம். அங்கு கூலி கேட்போரிடமே மகிமையைக் காட்டிக் கூலி மறுக்கப்படுகிறது.

விவிலியத்தினுள்ளேயே இதற்குரிய திறவுகோல் உண்டு என்று கூறும் கிறிஸ்தவர் நம் நாட்டிலும் உளர். லூக்கா சுவிசேஷத்தில் மரியாள் பாடும் பாடல், வல்லவர் தனக்குப் பெரியன செய்தார் என்ற தனிமனித நன்றியிற் தொடங்கி, ஆசனங்களிலிருந்து பலவான்கள் தள்ளப்படுதலுக்கும் செல்வர் வெறுமையாய் அனுப்பப்படுதலுக்கும் சில அடிகளிலேயே சென்றுவிடுகிறது. 1990இல் வெளியான தமது நூலிலே மரியாளை இவ்வகையில், உழைக்கும் ஏழைப் பெண்ணாக, மீள நோக்கிய இலங்கைக் குருவானவர் திஸ்ஸ பாலசூரிய 1997இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மீளச் சேர்க்கப்பட்டதை வாசகர் அறிவர். விலக்கலுக்குச் சொல்லப்பட்டவை கோட்பாட்டுக் காரணங்கள்.

யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறியாகவேண்டும். 1816இலிருந்து இங்கு பணியாற்றிய அமெரிக்க மிசன், 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும் 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கிற்று. அமெரிக்காவிலுள்ள கொடையாளர் ஆண்டுதோறும் ஒரு தொகையை அனுப்பிப் பிள்ளையொன்றின் செலவை ஏற்பதும், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டுவதும் வழக்கமாயிருந்தன. பாவலர் சரித்திர தீபகம் என்னும் நூலை 1886இல் வெளியிட்ட ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் முற்பெயர் இவ்வகையில் வந்ததே. பிள்ளையின் கல்விக்கான மகிமை தேவனுக்கு, பெயர் கொடையாளருக்கு, கற்பித்த உள்ளூர் ஆசிரியரோ மிசன் அறிக்கைகளிற் பெரும்பாலும் சுதேச உதவியாளர் என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிவிடுகிறார். சதாசிவம்பிள்ளை தம் நூலில் 400க்கு மேற்பட்ட புலவர்களின் பெயர்களைத் தேடித் தொகுத்தமையை இப்பின்னணியில் வைத்து நோக்கலாம் என்பது எமது எண்ணம்.

இன்றும் ஆலயத்தில் எழுந்து, பரீட்சைச் சித்தியைத் தேவன் தந்தார் எனச் சாட்சி கூறும் மாணவரின் நன்றியுணர்வை நாம் எள்ளவேண்டியதில்லை. ஆயினும் அச்சாட்சியில் 1945இன் இலவசக் கல்வித் திட்டம் வருவதில்லை. வெளிநாட்டிற் பணிப்பெண்ணாய் உழைத்துப் பணம் அனுப்பிய தாய் வருவது மிக அரிது. விதைத்தவனுக்கு நூறுமடங்கு என்று காணிக்கை திரட்டும் செழிப்புப் போதனையாளர் கையில் அவ்வடிவம் மேலும் இறுகியுள்ளது. அங்கு சாட்சி கூறுதலே அடுத்த ஆசீர்வாதத்துக்கான முதலீடாகிவிட்டது. சாட்சி இலக்கியத்தின் இவ்வளர்ச்சி தமிழிற் தனியாக ஆராயப்படவேண்டியது. அதற்கான மூலங்கள் பல: பத்தொன்பதாம் நூற்றாண்டு மிசன் அறிக்கைகள், உதயதாரகையின் பழைய இதழ்கள், சபைகளின் நூற்றாண்டு மலர்கள், மலையகத் தேவாலயங்களின் பதிவேடுகள். இவற்றிற் பெயர் குறிப்பிடப்படாத ஆசிரியர், சமையலாளர், சுமைகாவிகள் ஆகியோரின் பெயர்களை ஊர்க்காணி உறுதிகளிலிருந்தும் ஞானஸ்நானப் பதிவுகளிலிருந்தும் ஓரளவேனும் மீட்டெடுக்க இயலும்.